கறுவாத் தோட்டமும் துறைமுகமும்: ஒருபாற்காதலர் சித்திரிப்புப் பற்றிச் சில குறிப்புகள்

ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட 'ஃபனி போய்' என்னும் ஆங்கில நாவலின் நான்காம் பகுதியில் ஒரு சிறு காட்சி உண்டு. கதைசொல்லியான ஆர்ஜியின் தந்தை உல்லாசப் பயணிகளுக்கான கடற்கரை ஹோட்டல் ஒன்றை நடத்துகிறார். அவரிடம் வேலைக்கமர்ந்த ஜெகன் என்னும் யாழ்ப்பாணத்து இளைஞன், அந்நிய நாட்டு ஆண்கள் சிலர் அயற்கிராமத்துப் பையன்களை அழைத்து வருவதைக் கண்டு மனம் பொறாது அதுபற்றி முதலாளியிடம் வினவுகிறான். முதலாளி எதையும் மறைக்கவில்லை. தாம் தடுத்தால் அவ்வருவாயை வேறொரு ஹோட்டல் பெற்றுக்கொள்ளும் என்பது அவர் வாதம். கடலையும் மணலையும் போல அப்பையன்களையும் நாட்டின் செல்வங்களுள் ஒன்றாகவே அவர் கணக்கிடுகிறார்.

இதே மனிதர்தான் தம் மகன் சேலை உடுத்தி மணப்பெண்ணாக விளையாடியதை அறிந்து நாணியவர். அவனை 'ஆண்பிள்ளையாக்கும்' பொருட்டுக் கண்டிப்பு மிகுந்த பாடசாலைக்கு மாற்றுகிறவர். ஆர்ஜிக்கும் ஷெஹானுக்கும் இடையே பின்னர் மலரும் காதல் வேறு. ஹோட்டலில் நடைபெறும் வறியோர் மீதான சுரண்டல் வேறு. முன்னது ஒத்த வயதினரான இரு மாணவரின் அன்பு. பின்னது பணத்தாற் பிள்ளைகளை வாங்கும் குற்றம். தந்தையோ அன்பைக் கண்டு அஞ்சுகிறார். குற்றத்தைக் கணக்கேட்டில் வரவு வைக்கிறார். அவர் காக்க முனைவது ஒழுக்கத்தையன்று, குடும்பச் சொத்துக்கு உரிய வாரிசை என்பது இங்குப் புலனாகிறது.

இக்காட்சியை நாவலின் ஓரத்தில் அமைந்த ஒரு விவரமாகக் கொண்டு கடந்துவிடலாம். ஆயின், இலங்கைத் தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட புனைகதையிலும் திரைப்படத்திலும் ஒருபாற்காதல் கொண்ட ஆண் எவ்வாறு இடம்பெற்றான் என நோக்குவோர்க்கு இது திறவுகோலாக அமைகிறது. அவன் உடைமையாளன் வீட்டு மைந்தனாகவே இலக்கியத்துள் நுழைந்தான். கடற்கரையில் நின்றவனுக்கோ பெயரில்லை, பேச்சில்லை. இவ்விரண்டாமவனின் மௌனத்துக்கு ஆங்கில நாவலாசிரியரை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. உழைப்பவனுக்கு வாய் கொடுப்பதையே தன் கடமையாகப் பிரகடனம் செய்த முற்போக்கு இலக்கியமும், அதற்கு வழிகாட்டிய மாக்சிய விமர்சனமும் அம்மௌனத்தில் பங்குடையன.

சொல் பற்றி ஒரு வார்த்தை. பத்திரிகைகளில் வழங்கும் 'ஓரினச்சேர்க்கை' மனிதனை ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. நீதிமன்ற வாடையும் அதில் உண்டு. ஒருபாற்காதல் என்ற சொல்லையே இங்குக் கையாள்கிறேன். காதல் என்பது அதனுள் இருப்பதே காரணம். பழந்தமிழ் இலக்கியத்தில் இதற்குச் சான்று தேடுவோர் கோப்பெருஞ்சோழன்–பிசிராந்தையார் நட்பைச் சுட்டுவதுண்டு. காணாமலே வளர்ந்து வடக்கிருத்தலில் முடிந்த அந்நட்பின் ஆழத்தை மறுப்பதற்கில்லை. எனினும், இன்றைய தேவைக்காகச் சங்கப் புலவனிடம் சான்றிதழ் வாங்கும் முயற்சி எனக்கு உவப்பானதன்று. பழமை இல்லாதபோதும் ஒன்று நியாயமானதாக இருக்கலாம்.

செல்வதுரையின் இரண்டாவது நாவலான 'சினமன் கார்டன்ஸ்' (1998) இவ்வகையில் மிக விரிவான ஆய்வுக்கு இடந்தருவது. கதை 1927ஆம் ஆண்டில், டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்த வேளையில், கொழும்புக் கறுவாத் தோட்டத்துத் தமிழ்ப் பிரபுக்களிடையே நிகழ்கிறது. முதலியார் நவரத்தினத்தின் மகன் பாலேந்திரன், இலண்டனிற் கல்வி கற்ற காலத்தில் றிச்சட் என்னும் ஆங்கிலேயனுடன் வாழ்ந்தவன். செய்தி அறிந்த தந்தை இலண்டன் சென்று, சட்டத்தைக் காட்டி அச்சுறுத்தி, அவ்வுறவை முறித்து மகனை மீட்டு வருகிறார். பாலேந்திரன் மணம் புரிந்து, ஒரு மகனுக்குத் தந்தையாகி, குடும்பத்தின் தோட்டத்தையும் கோவிலையும் நிர்வகித்து, ஊர் மெச்ச வாழ்கிறான். இருபதாண்டுகளுக்குப் பின்னர் றிச்சட் இலங்கைக்கு வருகிறான். அப்போது முதலியார் செய்வதென்ன? சர்வசன வாக்குரிமை வந்துவிடலாகாது என்னும் தம் வர்க்கத்தின் கருத்தை ஆணைக்குழுவினரிடம் சேர்ப்பிக்க அந்தப் பழைய 'நட்பை'ப் பயன்படுத்துமாறு மகனைத் தூண்டுகிறார்!

இதனைச் செல்வதுரையின் கற்பனைத் திறனுக்கு உச்சமான இடம் என்பேன். ஒரு காதலைச் சட்டத்தின் துணைகொண்டு அழித்த கை, தொழிலாளிக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிட்டாதிருக்க அதே காதலின் மிச்சத்தைக் கருவியாக நீட்டுகிறது. பாலுறவு பற்றிய ஒழுக்க விதிகள் வானத்திலிருந்து இறங்கியவையல்ல. சொத்து, அதிகாரம் ஆகியவற்றின் தேவைக்கேற்ப இறுகவும் தளரவும் வல்லன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டு நூலும் காட்டிவிட முடியாது. அதே முதலியார் வேலைக்காரப் பெண்ணொருத்தியின் மீது செலுத்திய ஆதிக்கமும் நாவல் வளர வளர வெளிப்படுகிறது. வரலாறு முதலியார்களைத் தோற்கடித்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. பாலேந்திரனின் காதலுக்கு அத்தகைய ஆண்டு எதுவும் வரவில்லை.

ஆயினும், இந்நாவலுக்குள்ளும் கடற்கரையோரத்து மனிதன் ஒருவன் நிற்கிறான். மணமான பாலேந்திரன் இரவில் புகையிரத நிலையத்தருகே சந்திக்கும் வறிய இளைஞன் அவன். அவர்களிடையே கைமாறுவது பணம். பாலேந்திரனின் குற்றவுணர்வு, தனிமை, அச்சம் அனைத்தையும் பக்கம் பக்கமாக அறிகிறோம். பணம் பெற்றுக்கொண்டு போனவன் எங்குச் சென்றான், யாரை நேசித்தான், எதற்கு அஞ்சினான் என்பன பற்றி ஒன்றும் அறியோம். அத்தியாயந்தோறும் முகப்பில் திருக்குறள் ஒன்று நிறுத்தப்பட்டிருக்கிறது. காமத்துப்பாலின் தலைவனுக்குக் குதிரையும் மடலும் உண்டு. இவ்விளைஞனுக்கு இருள் மட்டுமே உண்டு.

பாலேந்திரனின் தந்தை எடுத்துக் காட்டிய சட்டத்தைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் தகும். திருகோணமலைத் துறைமுகத்தை அறிந்தவர்க்கு அது வெறும் நூற்செய்தியன்று. பிரித்தானியர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். அவர்தம் கப்பல்களோடு 1749ஆம் ஆண்டின் கடற்படைப் போர் விதிகளும் இத்துறைக்கு வந்தன. ஆணுடன் ஆண் கூடுதலுக்கு அவ்விதிகள் விதித்த தண்டனை மரணம். தண்டனைக்கு உள்ளாகக் கூடியவன் பிரபுவல்லன், கீழ்த்தளத்தில் நெருங்கிப் படுத்துறங்கிய மாலுமி. பல மாதங்கள் கடலில் அடைபட்ட கூலியாட்களின் உடலைக் கட்டுப்படுத்தும் தொழில் ஒழுங்காகவே அவ்விதி இயங்கியது எனக் கூறலாம். கரையிலும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 365ஆம் பிரிவினைக் கொண்டுவந்தது. ஆண்களிடையேயான 'பாரதூரமான இழிசெயல்' பற்றிய 365அ பிரிவு பின்னர் சேர்ந்தது. பிரித்தானியக் கடற்படை 1957இல் இத்தளத்தை ஒப்படைத்துச் சென்றது. இங்கிலாந்து தன்னகத்தே 1967இல் அச்சட்டத்தைத் தளர்த்தியது. இங்கோ 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் 365அ பிரிவிலிருந்த 'ஆண்' என்ற சொல்லை 'ஆள்' என மாற்றிப் பெண்களையும் அதனுள் அடக்கிற்று. பிள்ளைகள் மீதான பாலியற் சுரண்டலைக் குற்றமாக்கிய அதே சட்டமே இதனையும் செய்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஹோட்டல் முதலாளி பிரித்தறிய மறுத்த இரண்டையும் சட்டமும் ஒரே மூச்சில் தொட்டது. இப்பிரிவுகளைத் திருத்த முனைந்த தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அப்பாராளுமன்றம் 2024 செப்டெம்பரிற் கலைக்கப்படும்வரை அது சட்டமாகவில்லை.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். தீபா மேத்தாவின் இயக்கத்தில் 'ஃபனி போய்' 2020 டிசெம்பரில் வெளியாயிற்று. திரைக்கதையில் செல்வதுரைக்கும் பங்குண்டு. வெளியீட்டுக்கு முன்னரே கனடாத் தமிழரிடையே பலத்த எதிர்ப்பு எழுந்தது. முக்கிய பாத்திரங்கள் சிலவற்றில் தமிழரல்லாதார் நடித்தமையும், அவர்கள் வாயில் தமிழ் சிதைந்தமையும் காரணங்கள். உரையாடலின் ஒரு பகுதி மீளக் குரற்பதிவு செய்யப்பட்டது. கனடா இதனை ஒஸ்கார் விருதுக்கு அனுப்பியபோது, ஆங்கிலம் மிகுதி எனக் காரணங்காட்டி விருதுக் குழு ஏற்க மறுத்தது. தமிழ் போதாதென்று தமிழர் கூறினர். ஆங்கிலம் மிகையென்று அமெரிக்கர் கூறினர்.

எதிர்ப்பின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. 1983 யூலையின் தீயைக் காட்டும் படத்தில், தீயில் வெந்தவரின் மொழி பிழைபடலாகாது. அந்த யூலையில் இத்துறைமுகத்துக் கடற்படையினரே நகரத்துள் புகுந்து தமிழரின் கடைகளையும் வீடுகளையும் எரித்ததை நேரிற் கண்ட முதியோர் இன்றும் இங்குளர். எனினும், விவாதத்தில் ஓர் உண்மை அமுங்கிப்போயிற்று. நாவலில் ஆர்ஜிக்குத் தமிழ் தெரியாது! எதிர்காலத்தின் மொழி சிங்களமே எனக் கணித்த தந்தை முதலாம் வகுப்பிலிருந்தே அவனைச் சிங்கள வகுப்பிற் சேர்த்துவிடுகிறார். வீட்டு மொழி ஆங்கிலம். புதிய பாடசாலையில் 'நீ தமிழ் வகுப்புக்குப் போ' எனச் சக மாணவன் விரட்டும்போது, போவதற்கு அவனிடம் மொழியில்லை. 1956க்குப் பின்னர் கொழும்பின் உயர் நடுத்தர வர்க்கத் தமிழர் தம் பிள்ளைகளின் நாவை எவ்வாறு முதலீடு செய்தனர் என்பதற்கு நாவல் தரும் சாட்சியம் இது. திரைப்படம் அச்சாட்சியத்தைத் துடைத்துவிட்டு அக்குடும்பத்தின் வாயில் தமிழை வைத்தது. இன அடையாளத்தைத் துலக்குவதற்காக வர்க்க அடையாளம் கைவிடப்பட்டது. உச்சரிப்பைத் திருத்திவிட்டால் இக்குறை தீராது.

அவ்வர்க்கக் குருட்டுத்தனம் காதற் காட்சிகளையும் பாதித்துள்ளது. நாவலில் ஆர்ஜியின் கலகம் பரிசளிப்பு விழா மேடையில் நிகழ்கிறது. பாடசாலையின் புகழ்பாடும் ஆங்கிலப் பேரரசுக் காலக் கவிதைகளை அவன் வேண்டுமென்றே குழப்பி ஒப்புவிக்கிறான். ஷெஹானைத் துன்புறுத்திய அதிபரின் அதிகாரம் அக்குழப்பத்தாற் சபையின் முன் நகைப்புக்குள்ளாகிறது. காதல் இங்கு ஓர் அரசியற் செயலாக மாறுகிறது. அந்த அதிபரோ தமிழருக்கு ஓரளவு காப்பானவர். அவரை வீழ்த்துவதால் வரக்கூடியவர் சிங்களப் பேரினவாதி. இச்சிக்கலை அறிந்தே பதினான்கு வயதுப் பையன் காதலின் பக்கம் நிற்கிறான். படத்தில் எஞ்சுவன அழகிய ஒளியும் இழப்பின் துயருமே.

தமிழ்நாட்டுச் சினிமாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெடுங்காலம் அங்கு இவ்வாண்கள் நகைச்சுவை நடிகனின் நெளிவாகவே இருந்தனர். 'வேட்டையாடு விளையாடு' (2006) நகைப்பிலிருந்து அருவருப்புக்கு முன்னேறியது. இளமாறன், அமுதன் என்னும் இரு கொலைகாரரின் கொடூரத்துக்கு அவர்தம் உறவே சான்றாக்கப்பட, நீதியின் உருவான காவலதிகாரி அதனைச் சொல்லி ஏளனம் செய்ய, அரங்கம் ஆர்ப்பரித்தது. பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) ஒருபாற்காதலரை நாடகக் குழுவின் இயல்பான உறுப்பினராக்கியது. சாதி எதிர்ப்பு அரசியலின் வழியாக இது நிகழ்ந்தமை தற்செயலன்று. யாரை யார் நேசிக்கலாம் என்ற வினாவுக்குச் சாதியே நம்மிடையே முதல் விடையை எழுதி வைத்திருக்கிறது.

தமிழ் நாவலில் கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' (1978) தனித்து நிற்கிறது. வறுமைப்பட்ட பிராமண இளைஞனான கணேசன் செல்வர்களின் ஆதரவை நாடி, அவர்தம் இச்சைக்கும் உரியவனாகி, இறுதியில் தொழுநோயாளியாகத் திரிகிறான். கறுவாத் தோட்டத்து நாவல் இருளில் விட்டுச்சென்ற மனிதன் இங்கு நடுவிடத்துக்கு வந்துவிடுகிறான். வயிற்றுப்பசியும் உடற்பசியும் ஒன்றையொன்று தின்னும் உலகத்தை ஆசிரியர் அறிந்து எழுதியுள்ளார். முடிவில் ஆன்மிகத்துள் அவர் புகலடைவதை நான் ஏற்கவில்லை. ஆயினும், பணமும் இச்சையும் கைகோக்கும் இடத்தைக் காணும் துணிவு மாக்சியம் பேசாத அந்தப் பழுத்த வைதிகக் கல்வியாளருக்கு இருந்தது. அதே காலத்து முற்போக்காளருக்கு இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை? இங்கு நாம் நம்மையே விசாரிக்க வேண்டியவராகிறோம். 'நசிவு இலக்கியம்' என்ற சொல் ஈழத்து முற்போக்கு விமர்சனத்தின் படைக்கலங்களுள் ஒன்றாக விளங்கியது. பாலுணர்வை வியாபாரமாக்கிய எழுத்துக்கெதிராக அது ஆற்றிய பணி பெரிது. ஆனால், அழுகும் முதலாளித்துவத்தின் அறிகுறிகளைப் பட்டியலிட்டபோது ஒருபாற்காதலும் விசாரணையின்றி அப்பட்டியலுள் விழுந்தது. மூலம் தேடினால் நாம் போற்றிய பெயர்களையே சந்திக்கிறோம். எங்கெல்ஸ் 1869இல் மாக்சுக்கு எழுதிய கடிதமொன்றில் இப்பொருளை எள்ளி நகையாடினார். ஒக்டோபர்ப் புரட்சி ஜார் மன்னனின் சட்டத்தை அகற்றியது. 1922ஆம் ஆண்டின் சோவியத் தண்டனைச் சட்டத்தில் இக்குற்றம் இல்லை. 1934இல் அது மீண்டும் குற்றமாயிற்று. அவ்வாண்டில் கோர்க்கி எழுதிய கட்டுரையொன்று ஒருபாற்காதலைப் பாசிசத்தோடு பிணைத்துக் கண்டித்தது. 'தாய்' நாவலைத் தலையணைக்கடியில் வைத்துறங்கிய தலைமுறைகளின் வாரிசு நான். இதனை எழுதுவது இலகுவன்று. மறுபுறத்தில், தன் தொடக்க ஆண்டுகளில் ஒருபாற்காதலரை உழைப்பு முகாம்களில் அடைத்த கியூபா, அக்கொடுமைக்கான பொறுப்பைக் காஸ்ட்ரோவே 2010இல் ஏற்றுக்கொள்ள, 2022 செப்டெம்பரில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஒருபால் திருமணத்தை அங்கீகரித்தது. ஆகவே, தவறு மாக்சியத்தின் இயல்பிலன்று, நமது சோம்பலில் உள்ளது.

இச்சோம்பலின் விலையைத் திருகோணமலையில் நின்று கணக்கிடலாம். மூதூர் தந்த எழுத்தாளரான வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' எக்காலத்துக்கும் உரிய சிறுகதை. சொந்தத் தோணி என்னும் உடைமையோடு இளமையின் ஆசை எவ்வாறு பின்னிக் கிடக்கிறது என்பதை அது கற்றுத்தந்தது. அக்கல்வியை நாம் நீட்டிச் செல்லவில்லை. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கரையிலிருந்து மீனவர் இக்கரைக்கு வந்து வாடி அடிப்பர். மாதக்கணக்காக ஆண்களே சமைத்து, ஆண்களே நோயிற் பராமரித்து, ஆண்களே ஒருவர்க்கொருவர் துணையாயிருக்கும் வாழ்க்கை அது. சம்மாட்டியிடம் பட்ட கடனை எழுதினோம், வலையை எழுதினோம், புயலை எழுதினோம். அவ்வாடியில் ஒருவன் இன்னொருவனை நேசித்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கவும் நமக்குத் தோன்றவில்லை. உழைக்கும் மனிதனுக்கு வர்க்கம் உண்டு, உள்ளம் எளியது என நாமே முடிவுசெய்துகொண்டோம். கறுவாத் தோட்டம் அந்த இடத்தை நிரப்பியதில் வியப்பில்லை.

வேறுவிதமாக நிகழ்ந்திருக்க முடியுமா என்பதற்குத் தென் கொரியாவை ஒப்புநோக்கலாம். 2004ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னர் கொரிய மொழித் தேர்வெழுதி அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளைஞர் இம்மாவட்டத்திலும் உளர். அந்நாட்டுத் தொடர்கள் நம் வீடுகளில் ஓடுகின்றன. ஆகையால் இவ்வொப்பீடு தொலைதூரத்ததன்று. அங்குக் குடிமக்களின் ஒருபாற்காதலைக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. படைவீரர்க்கு மட்டும் இராணுவக் குற்றவியல் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. நமது துறைமுகத்துப் போர் விதிகளை அது நினைவூட்டுகிறது. சட்டம் இல்லாமையால் இகழ்ச்சியும் இல்லாதுபோகவில்லை. தொலைக்காட்சி நடிகர் ஹொங் சொக்-சொன் 2000இல் தம் நிலையை வெளிப்படுத்தியதும் வாய்ப்புகளை இழந்தார். 2005 இறுதியில் வெளிவந்து 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்த 'அரசனின் ஆள்' என்னும் படம் அரசனையும் கூத்தாடிகளையும் பற்றியது. பெண்வேடக் கூத்தாடியின் அழகை விற்றுப் பிழைக்க முயலும் குழுத்தலைவனை எதிர்க்கும் தோழனிலிருந்து கதை தொடங்குகிறது. எனினும், பழங்கால அரண்மனை எதையும் பாதுகாப்பான தூரத்தில் வைத்துவிடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த ஆண்டில் லீசொங் ஹீ-இல் இயக்கிய 'வருந்தமாட்டேன்' என்னும் சிறு முதலீட்டுப் படம். அநாதை இல்லத்தில் வளர்ந்து தொழிற்சாலையில் வேலை செய்யும் சு-மின் ஆட்குறைப்புக்கு உள்ளாகிறான். முதலாளி வர்க்கத்து ஜே-மின் தன் செல்வாக்கால் அவனது வேலையை மீட்டுத்தர முன்வருகிறான். சு-மின் அதனை மறுக்கிறான். பின்னர், ஆண்கள் பணத்துக்கு அமர்த்தப்படும் மதுவிடுதியில் அவன் பிழைக்க நேர்கிறது. செல்வதுரையின் புகையிரத நிலைய இளைஞன் நிற்கும் அதே இடந்தான். ஆனால், ஒளிப்படக்கருவி இப்போது அவன் தோளருகே இருக்கிறது. செல்வனின் காதலை நம்பலாமா என்பதைத் தீர்மானிப்பவன் அவனே. படத்தின் பிற்பகுதி மிகையுணர்ச்சி நாடகத்துள் சரிகிறது. அதனால் அந்தப் பார்வை மாற்றத்தின் மதிப்புக் குறைவதில்லை.

இலங்கையிலும் அசைவுகள் தெரிகின்றன. விசாகேச சந்திரசேகரம் இயக்கிய 'பிரஞ்சிபானி' (2014) என்னும் சிங்களப் படம் இரு இளைஞரையும் ஒரு பெண்ணையும் கிராமப்புறச் சூழலில் நிறுத்தி, ஒருபாற்காதல் கொழும்பு ஏழுக்குரிய பண்டம் என்ற எண்ணத்தை உடைத்தது. செல்வதுரையும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 'த ஹங்ரி கோஸ்ட்ஸ்' (2013) நாவலின் நாயகன் ஷிவன், தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவன். அவனை வளர்க்கும் சிங்களப் பாட்டியின் செல்வமெல்லாம் வாடகை வீடுகள். குடியிருப்போரை வெளியேற்றவும் நிலுவை பிடுங்கவும் அவள் சந்திரலால் என்னும் சண்டியனை வைத்திருக்கிறாள். ஷிவன் மிலி என்னும் இளைஞனைக் காதலிப்பதை அறிந்ததும், அவ்விருவருக்கும் 'பாடம் புகட்டும்' வேலையும் அதே சண்டியனிடமே ஒப்படைக்கப்படுகிறது. மிலி உயிரிழக்கிறான். வாடகை பிடுங்கும் கையும் காதலைக் கொல்லும் கையும் ஒன்றே என்பதை 'ஃபனி போய்' எழுதியவருக்கு இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அச்சண்டியனும் சேரியிலிருந்து எழுந்தவன். அவன் பக்கத்திலிருந்து கதையைக் கேட்க இந்நாவலும் நேரமெடுக்கவில்லை.